ஒரு தட்டு, இரண்டு தட்டு

மறுபடியும் கீழே இறங்க வேண்டும். லாரி கேபினுக்குள், மூடியைக் கழற்றிப் போட்ட எஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்த அர்த்தநாரி, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையைப் பல்லிடுக்கில் அரைத்து விழுங்கிக்கொண்டு படியைக் காலால் துழாவினார். இது இரண்டு பேர் செய்கிற வேலை. வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று உரசிக்கொண்டு போகிற அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும்; கூடிப் போனால் எஞ்சின் தட்டிக்கொண்டே ஓடும், குறைந்து போனால் வால்வு வெந்துவிடும். ஒவ்வொரு வால்வுக்கும் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஒருத்தன் வண்டிக்கு முன்னால் தரையில் படுத்துக் கம்பியைக் கோத்துச் சுற்றுவான், இன்னொருத்தன் கேபினில் இருந்து பார்த்து நிறுத்தச் சொல்வான். தனியாளாகச் செய்கிறவன் இறங்கிச் சுற்றிவிட்டு ஏறிப் பார்க்க வேண்டும், ஒரு முடியளவு தாண்டிப் போய்விட்டது என்றால் மறுபடி இறங்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் குரங்கு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இறங்கினார். முழங்காலில் ஏதோ சொடுக்கியது. யாரால் இதெல்லாம்? முன்பக்கம் போய்ப் படுத்துக் கம்பியைக் கோத்து இழுத்தார். பிஸ்டனில் மாட்டிய புது ரிங்குகள் இறுக்கமாகத்தான் இருந்தன, எஞ்சின் முனகிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றியது. எழுந்து வந்து படியில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தால், வால்வு ஒரு முடி தாண்டிப் போயிருந்தது. ஸ்பேனரைத் தூக்கி எறியக் கை ஓங்கியது. எறிந்தால் அதைப் பொறுக்க மறுபடியும் இறங்க வேண்டுமே என்று கையே அடங்கிக்கொண்டது. அந்தக் கையின் மேலும் கோபம் வந்தது. காலையில் இந்தக் கைதான் மானத்தை வாங்கியது. வேலையைத் தொடங்கிய வேகத்தில் தன்பாட்டுக்கு ஸ்பேனரால் எஞ்சின் தலையில் டங்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கீழே யாரோ படுத்திருப்பது மாதிரி, இவரையும் வால்வையே பார்த்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டது. ஒரு தட்டு என்றால் சுற்று. இரண்டு தட்டு என்றால் நில். சங்ககிரி ரோட்டு இரைச்சலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில், அவரும் தம்பி செங்கோடனும் பேசி வைத்துக்கொள்ளாமலே பிடித்துக்கொண்ட பழக்கம் அது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதே காது சுட்டது. நல்லவேளை பொண்டாட்டி பாவாயி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். அதற்கு அவள் நாலு வார்த்தை சொல்லிவிடுவதே மேல்.

அவன் வரமாட்டான், வர வேண்டாம். மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் சாவியை ரேடியேட்டர்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன். அவன் ஓட்டிப் போன வண்டி தொப்பூர் மேட்டில் எஞ்சின் ஜாமாகி நின்ற அன்றைக்கு அர்த்தநாரி கிரேனோடு போய் இறங்கியபோது, செங்கோடன் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பீடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பதறிக்கொண்டு ஓடி வந்திருந்தால், எஞ்சினைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தால், கண் கலங்கியிருந்தால் இவர் வாய் வேறு மாதிரி பேசியிருக்கும். பீடி பிடிக்கிறானே என்றுதான் முதலில் தோன்றியது. பயத்தில் கை நடுங்காமல் இருக்கப் பிடித்தானோ என்று இப்போது தோன்றுகிறது, இப்போது தோன்றி என்ன செய்ய? அன்றைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், அதையே கிரேன்காரர்கள், டீக்கடைக்காரன், வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்த டிரைவர்கள் எல்லோருடைய முகத்துக்கு நேராகவும் சொன்னார். பொண்டாட்டி புள்ளன்னு ஒன்னு இருந்திருந்தா இப்படி ஓட்டுவியாடா நீ, உனக்கெங்க இருக்குது பயம்? சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாயிலிருந்து விழுந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. லாரி டிரைவருக்குப் பொண்ணு குடுக்கறதில்லைங்க என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பிய வருஷங்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பியவர் இவர்தான். திரும்பி வரும்போதெல்லாம், போனாப் போகுதுண்ணா, அந்தப் புள்ளக்கி முன்னம்பல்லு எடுப்பு என்று சிரிக்க வைத்தவன் அவன். அவனைப் பார்த்து. அத்தனை பேர் முன்னால். செங்கோடன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, கிரேனுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுத்து, வீடு வரைக்கும் கூட வந்து, சாவியை வைத்துவிட்டுப் போனான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்லையா? ஊமை மாதிரி. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அதோடு முடிந்திருக்கும். பேசாமல் போகிறவன் ஜெயித்துவிட்டுப் போகிறான்.

இத்தனைக்கும் குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் எஞ்சினை அவர் பட்டறைக்கு விடாமல் வீட்டு வாசலிலேயே இறக்கினார். மூன்று கம்பங்களைக் கூட்டி நட்டு, சங்கிலிக் கப்பி கட்டி, தனியாளாகத் தூக்கி. பிரித்துக் காட்டுகிறேன் பார், அவன் செய்த வேலை உள்ளே எழுதியிருக்கும் என்று பாவாயியிடம் சொன்னார். பிரித்தார். பிஸ்டன் சுற்றிலும் சிராய்ந்து, அது ஏறி இறங்குகிற லைனர் குழாயோடு ஒட்டிப் போயிருந்தது, சூடேறிச் செத்த எஞ்சின். அந்தப் பிஸ்டனைத் துடைத்துச் சுற்றுச்சுவர்மேல் சாட்சி மாதிரி உட்கார வைத்தார், இதோ இப்போதும் வெயிலில் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சாட்சி பேச மாட்டேன் என்கிறது. சூடேறியது என்கிறது, யாரால் என்று சொல்லவில்லை. சூட்டைக் காட்டுகிற முள் போன தீபாவளிக்கு முன்பிருந்தே செத்துக் கிடந்தது. இருவருக்கும் தெரியும். டிரைவர் சொல்லி மாற்றிக்கொள்வான் என்று இவர் இருந்தார். ஓனர் பார்த்து மாற்றிக் கொடுப்பார் என்று அவன் இருந்தான். மூக்கில் வாசனை பிடித்தும், எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தும் அத்தனை மலையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான், அதை எல்லாரிடமும் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தவர் இவர். என்ற தம்பிக்கு மீட்டரே வேண்டாமுங், கைதான் மீட்டரு. அன்றைக்கு அந்த உள்ளங்கை பொய் சொல்லிவிட்டதா, இல்லை தூக்கத்தில் சொக்கிவிட்டானா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். சரி, அப்படியென்றால் அவன் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. இருக்கத்தான் இருக்கிறது. ஓட்டுகிறவன் அவன்தானே. இருந்தால் அந்தப் பிஸ்டனைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு ஆறவேண்டும் அல்லவா, ஏன் ஆறமாட்டேன் என்கிறது? நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் பல் தேய்ந்த கியர் மாதிரி வழுக்கி முதலுக்கே போய்விடும். பீடி. கிரேன். அந்த வார்த்தை.

“ஏனுங், மோரக் குடிச்சுப்போட்டு ஏறுங்க.” பாவாயி சொம்போடு கீழே நின்றாள். வெயிலில் கண் கூசியதால் அவள் முகம் சுருங்கியிருந்தது. அவர் கேபினிலிருந்தபடியே கையை நீட்டி வாங்கிக் குடித்தார். “தனியா எதுக்குங்க சாகறீங்க? கீழ நான் சுத்தறேன், சொல்லுங்க.”

“உனக்குச் சுத்தத் தெரியுமா?”

“மாவாட்டற கல்லுச் சுத்துன கைதானுங்க. அதுக்கு மேலயா இந்த இரும்பு?”

“இது இட்லி மாவில்ல. போ, அடுப்பப் பாரு.”

அவள் போகவில்லை. எஞ்சின் தலைக்குப் பக்கவாட்டில், நத்தை மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்த, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற புது டர்போவைப் பார்த்தாள். “இது வருசக்கணக்கா தம்பி கேட்ட சாமானுங்களா?”

“எவன் கேட்டா எனக்கென்ன? வண்டிக்கு வேணும், போட்டிருக்கறேன்.”

“அது செரி. கேட்டப்பவெல்லாம் பழைய எஞ்சினுக்கு எதுக்குடா பட்டுவேட்டின்னு கேட்டவுங்க நீங்கதானுங்க. இப்பக் கட்டி விட்டிருக்கறீங்க. கட்டிக்கறதுக்குத்தான் ஆளக் காணோம்.” சொம்பை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தாள்.

கட்டிக்கொள்ள ஆளா? சங்ககிரியில் கல்லெறிந்தால் டிரைவர்மேல்தான் விழும். எவனையாவது போட்டுக்கொள்வார். அவனுக்காக ஒன்றும் போடவில்லை இதை. அவனுக்குக் காட்டுவதற்காகப் போட்டது. அண்ணா, லோடு ஏத்தீட்டு மேடு ஏறும்போது பின்னாடி வர்றவனெல்லாம் ஆரன் அடிக்கறானுங்க, டர்போ ஒன்னு போட்டம்னா இதே எஞ்சின் குதிர மாதர ஏறும் என்று கெஞ்சினானே, அவனில்லாமலே குதிரை மாதிரி ஏறட்டும், அவன் ரோட்டோரம் நின்று பார்க்கட்டும் என்றுதான். அப்படித்தான் தொடங்கினார். ஆனால் பெரிய ரேடியேட்டர் எதற்கு? டீசல் பம்ப்பை மறுபடி அளவு வைக்கச் சொல்லிச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தது எதற்கு? டிரைவர் சீட்டுக்கு அடியில் புது ஸ்பிரிங் போட்டது எதற்கு? டர்போவுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? முதுகுவலி இருக்கிறவன் எவன்? இதையெல்லாம் யாராவது வரிசையாகக் கேட்டால் என்ன சொல்வார்? யாரும் கேட்கவில்லை. பாவாயி கேட்காமலே கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஊரான் வண்டியை எடுத்துக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் போயிருக்கிறான் என்று டீக்கடையில் யாரோ சொன்னது போன வாரம். அந்த ஓனர் பிரேக்குக்கு ஒரு வேலையும் செய்யாத மகாபாவி. இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போகிற லாரியின் சத்தம் எப்படி இருக்கும் என்று அர்த்தநாரிக்குத் தெரியும். அதை அவர் இந்த வாரம் முழுக்கக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். செத்துத் தொலைந்தால் தொலையட்டும் என்று ஒரு தடவை நினைத்துவிட்டு, கை கழுவப் போய், கழுவிக்கொண்டே நின்றார். என்ன மனுஷன் நான்?

இந்த டர்போவில் இன்னொரு எழவு இருக்கிறது. விற்றவன் முதலில் சொன்னதே அதைத்தான். எஞ்சின் நின்ற பிறகும் இது உள்ளே சுழன்றுகொண்டேயிருக்கும், எஞ்சின் நின்றால் ஆயில் வருவது நின்றுபோகும், வேகமாகச் சுழலும்போது ஆயில் நின்றால் காய்ந்து தேய்ந்து நாலே நாளில் போய்விடும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் சித்த நேரம் மெதுவாக ஓடவிட்டு அப்புறம் நிறுத்த வேண்டும். ரேஸ் கொடுத்து நிறுத்தவே கூடாது. செங்கோடன் இந்த வண்டியை ஒருநாள்கூட ரேஸ் கொடுக்காமல் நிறுத்தியதில்லை. வாசலில் கொண்டுவந்து ஒடித்துப் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி, தெருவே அதிர உறுமவிட்டு, அந்த உறுமலிலேயே எஞ்சினை நிறுத்துகிற ஸ்டாப்பரை இழுப்பான். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாருக்கும் இருக்கிற கோளாறுதான், இவருக்கும் இருந்தது. ஆனால் செங்கோடன் உறுமல் தனி. அதைக் கேட்டுத்தான் பாவாயி உலை வைப்பாள். தெருமுனை நாய் எழுந்து வரும். படுத்திருக்கிற இவர் வந்துட்டான் என்று புரண்டு படுப்பார். இனி அது கூடாது. யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டேய், இதுல ரேஸ் குடுத்து நிறுத்துனீன்னா காலை ஒடிச்சுப்போடுவன். இல்லை, இப்படி: உன்ற பழைய மைனர் வேலையெல்லாம் இதுகிட்ட வேண்டாம். இல்லை, இன்னும் சூடாக. எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் டேய் என்றுதான் தொடங்குகிறது. ஓட்ட வராதவனிடம் எதைச் சொல்ல? வரவே மாட்டான் என்றால் எதற்காக வாய் இதையே பழகிக்கொண்டிருக்கிறது? சொல்ல ஆளில்லாத ஒரு வசவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் வெயிலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. ஸ்பேனரை எடுத்து, பழக்கத்தில் இல்லை, வேண்டுமென்றே, எவன் மண்டையையோ பிளப்பது மாதிரி எஞ்சின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங்.

வால்வு அசைந்தது.

முதலில் கண்தான் என்று நினைத்தார். வெயிலும் மோரும் வெறும் வயிறும். பிறகு எஞ்சின் முனகியது கேட்டது. புது ரிங்குகள் லைனரில் உரசுகிற அதே முனகல், ஆனால் இவர் இழுக்கும்போது விட்டுவிட்டு வந்தது, இப்போது சீராக, பால் கறப்பதுபோல வந்தது. வால்வு மெல்லத் தாழ்ந்தது, மெல்ல எழுந்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. பாவாயியாக இருக்காது, அவளால் இவ்வளவு நிதானமாக இழுக்க முடியாது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முன் கண்ணாடிப் பக்கம் தலையை நீட்டினால் போதும், பம்பருக்கு அடியில் இரண்டு கால் தெரியும். நீட்டவில்லை. பார்த்துவிட்டால் பேச வேண்டும், பேசினால் என்ன வரும் என்று இந்த வாயை நம்ப முடியாது. வால்வு இடத்துக்கு வந்தது. இரண்டு தட்டுத் தட்டினார். அந்த நொடியிலேயே நின்றது, ஒரு முடிகூடத் தாண்டவில்லை. அர்த்தநாரிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமா? மாதக்கணக்காக எங்கே போய்த் தொலைந்தாய், காலையில் நான் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாய் மாதிரி உட்கார்ந்திருந்தபோது எங்கே இருந்தாய்? தகட்டை நுழைத்தார், நுழையவில்லை, வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி நுழைத்தார். உரசிக்கொண்டு போனது. நட்டை இறுக்கினார். ஒரு தட்டு. சுற்றியது. இரண்டு தட்டு. நின்றது. இப்படியே கடைசி வால்வு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லாமல் வந்தார்கள், காலையெல்லாம் பாதிகூட ஓடாத வேலை மோர் சொம்பு காய்வதற்குள் முடிந்தது.

மூடியை மாட்டிவிட்டு, டர்போவுக்குள் எண்ணெய்க் குப்பியால் ஆயிலை ஊற்றி, டீசல் குழாயில் அடைத்திருக்கிற காற்றை வெளியே எடுப்பதற்காக அர்த்தநாரி இடதுபக்கம் இறங்கினார். அவர் இறங்குகிறபோதே வலதுபக்கக் கதவு திறந்து யாரோ ஏறுகிற கனத்தில் கேபின் சாய்ந்தது. அவர் திரும்பவில்லை. டிரைவர் சீட்டின் பழைய ஸ்பிரிங் கிரீச்சிடும், புது ஸ்பிரிங் சத்தமே போடவில்லை. ஒரு கணம் அங்கே எல்லாம் அசையாமல் இருந்தது. தெரிந்துகொண்டானா? தெரிந்தால் தெரியட்டும். டீசல் குழாய் நுனியில் இருக்கிற நாசில் நட்டுகளைத் தளர்த்திவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டு. மேலே அவன் சாவியைத் திருக, செல்ஃப் மோட்டார் சுற்றியது, நுரை நுரையாக டீசல் கக்கியது, நுரை நின்று டீசலாக வந்ததும் இரண்டு தட்டு. நட்டுகளை இறுக்கினார். இது ஓடாவிட்டால்? கிராங்க் தண்டைக் கடைந்தது தப்பாக இருந்தால், ஒரு ரிங் உடைந்திருந்தால், இத்தனை நாள் செய்ததெல்லாம் இவன் கண் முன்னாலேயே ஜாமானால்? ஒரு தட்டு. செல்ஃப் இழுத்தது, இழுத்தது, எஞ்சின் ஒரு தடவை இருமியது, செத்தது மாதிரி இருந்தது, பிறகு வாசல் முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. புகைக்கு நடுவே, பழைய எஞ்சினில் என்றைக்கும் கேட்டிராத மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. உள்ளே பாவாயி, “பத்திக்கிச்சுங்களா? இருங்க, சூடத்தத் தேடறேன்!” என்று கத்துவது கேட்டது.

அர்த்தநாரி இடதுபக்கமாக ஏறி உட்கார்ந்தார். இருவரும் கண்ணாடிக்கு வெளியே புகையைப் பார்த்தார்கள். ஓரக்கண்ணில் தெரிந்த தாடியில் நரை கூடியிருந்தது. சட்டை பெரிதாகிவிட்டது, ஆள்தான் இளைத்திருக்கிறான். எவன் சோறு போடுகிறான் இவனுக்கு? செங்கோடன் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தான். மற்றக் கை தானாக எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்தது. பிறகு வேலை முடிந்தது என்பதுபோல ஸ்டாப்பர் பக்கம் போனது. வலது கால் ஆக்சிலேட்டரில் ஏறியது.

“டேய், காலெடு!”

எஞ்சின் சத்தத்தையும் மீறி அது தெருவுக்கே கேட்டிருக்கும். பழகி வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட அதோடு வரவில்லை. செங்கோடன் காலை எடுத்தான். திரும்பி, இறங்கிப் போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக, அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

“எத்தன வருசமாக் கேட்டுட்டு இருந்தனுங்ணா. டர்போவுக்கு ரேஸ் குடுக்கப்படாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?” அவன் குரலும் கோபமாகத்தான் இருந்தது. “கால் பழக்கத்துல போச்சு.”

“போகும் போகும். ஆறட்டும் இரு. ஆறுனதுக்கப்புறம் நிறுத்து.”

“பேட்டரி கொண்டாந்து குடுத்தவன் சொன்னான். உங்க அண்ணன் தனியா ஏறி எறங்கீட்டு இருக்கறாரு, சங்கிலி அறுந்து மேல உளுந்தாக்கூடத் தூக்கறதுக்கு ஆளில்லன்னு.”

“அவனுக்கெதுக்கு அந்த வேல?”

ஆறவிட வேண்டும். அதுவரை இறங்க முடியாது, நிறுத்த முடியாது, செய்வதற்கும் ஒன்றுமில்லை. மெதுவாக ஓடுகிற எஞ்சின் இருவருடைய முழங்கால்களையும் ஒரே அளவில் ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை தொண்டையில் இருந்தது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வார்த்தை அதற்குப் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. செங்கோடன் குனிந்து முன்பலகையைப் பார்த்தான். புது மீட்டர். முள் மெல்ல, நடுங்கி நடுங்கி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவன் விரலால் கண்ணாடியைச் சுண்டினான்.

“முள்ள மாத்தியாச்சுங்களா?”

“மொதல்ல அதத்தான் மாத்துனேன்.”

இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாதிக்கு வந்து நின்றது, அங்கேயே நிலையாக நின்றது. கோபம் போய்விடவில்லை. நெரிசலான பஸ்ஸில் ஆள் ஏறும்போது உட்கார்ந்திருக்கிறவன் முறைத்துக்கொண்டே நகர்ந்து கொஞ்சம் இடம் விடுவது மாதிரி நெஞ்சுக்குள் நகர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். சுவர்மேல் பிஸ்டன் மின்னிக்கொண்டிருந்தது. அதைச் சாயங்காலம் பழைய இரும்புக் குவியலில் போட வேண்டும். அர்த்தநாரி தலையை ஆட்டினார். செங்கோடன் காலைத் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டு ஸ்டாப்பரை இழுத்தான். உறுமல் இல்லை. எஞ்சின் ஒரு மூச்சை விட்டுவிட்டு அடங்கியது, விசில் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்த் தேய்ந்தது. தெருமுனையில் நாய்கூட எழவில்லை.

உள்ளேயிருந்து பாவாயியின் அலறல் வந்தது. “ஐயோ, நின்னு போச்சுங்களா? என்னாச்சுங்க, மறுபடியும் நின்னு போச்சா?”

அவர் கதவைத் திறந்து, படியில் நின்றுகொண்டு, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதையும் திரட்டி வீட்டைப் பார்த்துக் கத்தினார்:

“நின்னும் போகல, ஒரு எழவும் ஆகல. செங்கோடன் நிறுத்தியிருக்கறான். உல வை!”